விடுதியில் சந்திக்கும் தமிழ்கள்



தியோமான் தீவுக்குச் செல்லும் படகுகள், கடல்நீரின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தே மெர்சிங் துறையிலிருந்து புறப்படும். ஆதலால் முதுகுப்பையுடன் நாடு சுற்றும் இளைஞர் பலர் அவ்வூரின் சிறு விடுதிகளில் ஓரிரவு தங்குவர். ஓர் அறையில் நான்கைந்து ஈரடுக்குக் கட்டில்கள், அனைவர்க்கும் பொதுவான சமையலறை, முன்பின் அறியாத முகங்கள். இவ்விடுதிகளை மொழி ஆய்வாளன் என்ற முறையில் இன்று காண விழைகிறேன்.

வழிப்போக்கர் ஒரு கூரையின் கீழ்க் கூடுவது நமக்குப் புதிதன்று. சத்திரம், சாவடி, மடம், அம்பலம் என அதற்கு நம்மிடம் பல பெயர்கள் உள. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் அமைத்த முத்தம்பாள் சத்திரம் வழிச்செல்வோர்க்கு உணவும் உறையுளும் தந்தது. கடல் கடந்து வந்த நகரத்தார், சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் பகலில் பெட்டியருகே அமர்ந்து தொழில் நடத்தி, இரவில் அங்கேயே உறங்கினர். பத்துப்பாட்டுள் ஐந்து நூல்கள் ஆற்றுப்படைகள். முன்சென்று வந்தவன் எதிர்ப்படுவோனுக்கு வழி கூறுவதே அவற்றின் அமைப்பு. எந்தப் படகு நல்லது, எங்கே உண்ணலாம் என்று விடுதியில் ஒருவர் மற்றவர்க்குச் சொல்வதும் ஆற்றுப்படுத்தலே.

சொற்களும் பயணிகளே. மலாய் மொழியில் மாணவர் விடுதிக்கு ‘அஸ்ராமா’ என்று பெயர். அது வடமொழி ஆசிரமம். ‘காத்தில்’ நம் கட்டில். ‘பெத்தி’ நம் பெட்டி. ‘கெடாய்’ நம் கடை. அயலாரோடு கலந்து வாழ்ந்த முன்னோர் விட்டுச்சென்ற தடங்கள் இவை.

இனி நம் கவலைக்குரிய செய்திக்கு வருகிறேன். இத்தகைய விடுதியில் மலேசியத் தமிழர், சென்னைத் தமிழர், யாழ்ப்பாணத் தமிழர் மூவர் சந்திக்கின்றனர் எனக் கொள்வோம். நம்மவர் “பசியாறியாச்சா?” என்கிறார்; காலை உணவைப் பற்றிய வினா அது என்பது சென்னையார்க்கு உடனே விளங்குவதில்லை. யாழ்ப்பாணத்தார் “கதைப்பம்” என்றால், கதை சொல்லப் போகிறாரோ என நம்மவர் திகைக்கிறார். நாம் கம்பம், பாசார் என்றால் அவ்விருவரும் விழிக்கின்றனர். இரண்டொரு தயக்கங்களுக்குப் பின் உரையாடல் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது.

இதனை அறியாமை என்று நான் கருதவில்லை; இது கூச்சம். எழுத்துத்தமிழே திருத்தமானது, வீட்டில் பேசுவது கொச்சை என்று பள்ளியில் கேட்டு வளர்ந்த பிள்ளை, அயலூர்த் தமிழர் முன் வாய் திறக்க அஞ்சுகிறது. எழுத்துத்தமிழிலோ எவரும் சமையலறையில் உரையாடுவதில்லை. எனவே இரண்டும் கைவிட, மூன்றாவது மொழி நுழைகிறது. சிறுபான்மையினராகிய நமக்கு இது சிறிய இழப்பன்று. அறிமுகமற்றவரோடு பேசப் பயன்படாத மொழி வீட்டுக்குள்ளும் வகுப்பறைக்குள்ளும் சுருங்கும். பின்னர் வீட்டிலும் தேயும்.

ஆசிரியர்களே, பசியாறுதல், கதைத்தல் முதலியவற்றைப் பிழைப்பட்டியலில் சேர்க்காதீர்கள். வட்டார வழக்குகள் என அவற்றை வகுப்பில் அருகருகே வைத்துக் காட்டுங்கள். எழுதும் இடத்தில் எழுத்துத்தமிழ், பேசும் இடத்தில் பேச்சுத்தமிழ் என்னும் தெளிவைத் தாருங்கள்.

மாணவர்களே, பயணத்தில் ஒரு தமிழரின் சொல் விளங்காதபோது மொழியை மாற்றாதீர்கள். “அப்படின்னா என்னங்க?” என்று தமிழிலேயே கேளுங்கள். அவர் மகிழ்ந்து விளக்குவார். உங்களுக்கும் ஒரு சொல் கூடும்.