எம்.பி.எச். படிப்பு: காசு திரும்புமா?

(நாகர்கோவிலில் கல்லூரி மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பட்டப்படிப்பை முடிக்கப்போகிற பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, எம்.பி.எச். படிச்சா வேலை கிடைக்குமா? போட்ட காசு திரும்புமா?" இப்படிக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பொதுச் சுகாதாரம் என்றால் சேவையாம், அதில் காசுக்கணக்கு பார்க்கக்கூடாதாம். அப்பா ரப்பர் பால் வெட்டியோ வள்ளத்தில் போயோ படிக்கவைத்த பிள்ளை கணக்குக் கேட்காமல் வேறு யார் கேட்பது?

கணக்கையே முதலில் பார்ப்போம். தனியார் கல்லூரி ஒன்றில் இரண்டு வருடப் படிப்புக்கும் விடுதிக்கும் 6 லட்சம் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை சதவீத வட்டி, ஏழு வருடத் தவணை என்றால் மாதம் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் இல்லை. கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கி சொத்து ஜாமீன் கேட்கும். பட்டா யார் பேரில் இருக்கிறது என்பது இந்த நாட்டில் வெறும் வங்கிக் கேள்வி இல்லையே.

சரி, படித்து முடித்தால் என்ன வேலை? எம்.பி.எச். வகுப்பில் டாக்டரும் இருப்பார், நர்சிங் படித்தவரும் சமூகப்பணி படித்தவரும் இருப்பார்கள். படிக்கும்போது எல்லோருக்கும் ஒரே பெஞ்ச். வெளியே வந்ததும் பெஞ்ச் பிரிந்துவிடும்.

சென்னை மாகாணம் 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்தது. பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகமும் தனிப் பணியாளர் அமைப்பும் வைத்திருக்கும் மாநிலம் நம்முடையது. பெருமைதான். ஆனால் நகர்நல அலுவலராக வேண்டுமானால் எம்.பி.பி.எஸ். வேண்டும், அதற்கு மேல் பொதுச் சுகாதாரத்தில் பட்டயமோ பட்டமோ வேண்டும். கீழே சுகாதார ஆய்வாளர், கிராம சுகாதார செவிலியர் பணிகளுக்கு வேறு பயிற்சிகள் உண்டு, எம்.பி.எச். தேவையில்லை. நடுவில், டாக்டர் அல்லாத எம்.பி.எச். பட்டதாரி கால் வைக்க ஒரு நிரந்தரப் படி இல்லை. பெரும்பாலும் கிடைப்பது தேசிய நலவாழ்வுக் குழுமத்தின் ஒப்பந்தப் பணி, இல்லாவிட்டால் தொண்டு நிறுவனத்தின் திட்டப் பணி.

திட்டப் பணி எவ்வளவு உறுதி? 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியது. யு.எஸ்.எய்டு பணத்தில் ஓடிய காசநோய், எச்.ஐ.வி. திட்டங்கள் இந்தியாவிலும் நின்றுபோயின. ஒரு திட்டம் முடிந்து அடுத்தது வரும்வரை ஆறேழு மாதம் வீட்டில் உட்கார்ந்திருக்க யாரால் முடியும்? அதற்குச் சொந்த வீடு வேண்டும், வேலையில் இருக்கும் மாமா வேண்டும், நல்ல பரிந்துரைக் கடிதம் எழுதித்தரும் பேராசிரியர் வேண்டும். சாதி ஒரு சேமிப்புக் கணக்கு போலவும் வேலை செய்யும், மக்கா.

இது நமக்குப் புதிதும் இல்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்த காலம். திருவனந்தபுரத்தில் 1863-ல் பிறந்த ஈழவர் பல்பு, மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும் சாதியால் அங்கே இடம் கிடைக்காமல் சென்னை வந்து படித்தார். திரும்பிப் போய் வேலை கேட்டால் திருவிதாங்கூர் அரசு அதையும் மறுத்தது. மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. பெங்களூரில் பிளேக் பரவியபோது உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தார், பிறகு இங்கிலாந்து போய்ப் பொதுச் சுகாதாரம் படித்தார். பட்டம் வந்தது, சொந்த ஊரில் பதவி வரவில்லை. பல்பு தன் பட்டத்தின் மதிப்பை மட்டும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1896-ல் 13,176 ஈழவர்களின் கையெழுத்தோடு அரசுக்கு மனு கொடுத்தார்.

அப்படியானால் இந்தப் படிப்பே வேண்டாமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். நான் வேலை பார்த்த ஒரு கணக்கெடுப்பில், "தெருவில் குடிநீர்க் குழாய் உண்டா?" என்று கேள்வி இருந்தது. அந்தக் குழாயில் உங்களைத் தண்ணீர் பிடிக்க விடுகிறார்களா என்ற கேள்வி இல்லை. வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். கேள்வித்தாள் தயாரித்த மேசையில் நம்மில் ஒருவர்கூட இல்லை.

நம் கடற்கரையையே பாருங்கள். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கத் திட்டம் வந்தது. 2024 அக்டோபர் 1-ஆம் தேதி பத்மநாபபுரத்தில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மக்கள் எதிர்ப்பால் தள்ளிப்போனது. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, அணுக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டது. இனி ஆவணத்தை ஆவணத்தால்தான் எதிர்க்கவேண்டும். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் 1990-ல் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கி, இயற்கைக் கதிரியக்கத்தால் அங்கே புற்றுநோய் கூடவில்லை என்று 2009-ல் முடிவு வெளியிட்டார்கள். எதிர்த்தரப்பு இதை மேசையில் போட்டால் நம் பந்தலில் யார் பதில் சொல்வது? அது மண்ணில் இயல்பாக உள்ள கதிரியக்கம் பற்றிய ஆய்வு. தோண்டினால் நிலத்தடி நீருக்கும் தூசிக்கும் கடலரிப்புக்கும் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. இதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த ஆள் கரையிலிருந்தே வரவேண்டும். எனக்கு இந்தப் படிப்பின் மதிப்பு இதில்தான் இருக்கிறது.

அதனால் என் கருத்து இது. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் எம்.பி.எச். சேராதீர்கள். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா கழகத்தின் அச்சுதமேனன் மையம் நமக்குப் பக்கம். 1997-லிருந்து எம்.பி.எச். நடத்துகிறார்கள், டாக்டர் அல்லாதவர்களும் சேரலாம். மும்பை டாட்டா சமூக அறிவியல் கழகத்தையும் பாருங்கள். ஆனால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறுபவர்களுக்கு இருந்த விடுதி, உணவுக் கட்டணச் சலுகை பறிபோனதை எதிர்த்து 2018 பிப்ரவரியில் அங்கே மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்யவேண்டி வந்தது, அதையும் தெரிந்துகொண்டு போங்கள். முடிந்தால் இரண்டு வருடம் களத்தில் வேலை பார்த்துவிட்டுச் சேருங்கள். டாக்டர் அல்லாதவருக்கும் பொதுச் சுகாதாரத் துறையில் இனச் சுழற்சியோடு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்பதை நம் இயக்கங்கள் கோரிக்கையாக எடுக்கவேண்டும். மாவட்டத்துக்கு ஓரிடம் என்று ஒப்பந்தத்தில் ஆள் எடுத்தால் எந்தச் சுழற்சி செல்லும்?

கடைசியாக, சான்றிதழ். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். நம் மாவட்டத்தில் கிறித்தவரான பட்டியல் சாதிப் பிள்ளைகள் நிறைய. உதவித்தொகையில் மாநில அரசு உங்களையும் சேர்க்கிறது. ஆனால் ஒன்றிய அரசு நிறுவனங்களில் 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி உங்களுக்கு எஸ்.சி. இடம் கிடையாது, ஓ.பி.சி. பட்டியலில்தான் வருவீர்கள். அதற்கு வேறு படிவத்தில் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பம் தொடங்கும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே இ-சேவை மையத்துக்குப் போய் எழுதிக்கொடுத்துவிடுங்கள்.