முத்திரை குத்தவா வந்தார்கள்?



நம் காரைக்காலிலிருந்து வடக்கே, தரங்கம்பாடியைத் தாண்டிப் போனால் சீர்காழி. 1892இல் அந்த மண்ணில் பிறந்தவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். இந்திய நூலகவியலின் தந்தை என்று மாலை போடுகிறோம். அவரும் ஒரு காலத்தில் பயிற்சி மாணவர்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு ஆசிரியர் அவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஆளரவமற்ற அந்த வேலை பிடிக்கவில்லை. கல்லூரிக்கே அனுப்புங்கள் என்று போய் நின்றார். முதலில் லண்டன் போய்ப் படித்து வாருங்கள் என்றார்கள். அங்கே வாய்த்த ஆசிரியர் பெர்விக் சேயர்ஸ், குராய்டன் பொதுநூலகத்தின் தலைமை நூலகர். வகுப்போடு விடாமல், தன் நூலகத்திலேயே தொழில் பழக வழிசெய்தார். ரங்கநாதன் ஊர் ஊராகப் போய் நூலகங்களைப் பார்த்தார். 1925இல் திரும்பியவர் கல்லூரிப் பக்கம் போகவில்லை. அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். பாடம் மட்டும் அவரை மாற்றியிருக்குமா? நான் நம்பவில்லை.

இன்று நூலகவியல் மாணவர் பயிற்சிக்கு வந்தால் நாம் என்ன சொல்கிறோம்? பழைய நாளிதழைக் கட்டு, முத்திரை குத்து, தூசி தட்டு! கடைசியில் ஒரு சான்றிதழ். அதுவும் வேலைதான், அது மட்டுமா வேலை?

கவுண்டரில் உட்கார வையுங்கள். ஒரு பெரியவர் வருவார்: “தம்பி, செவப்பு அட்டை போட்ட கதைப் புத்தகம்... பேரு மறந்துட்டேன்.” அட்டை நிறத்துக்கு ஏதய்யா பகுப்பு எண்? “என்ன கதைங்க ஐயா? எப்ப எடுத்தீங்க?” என்று பேசிப் பேசித்தான் பிடிக்க வேண்டும். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது, ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று. பரீட்சையில் அதை எழுதிவிடலாம். அந்தப் பெரியவருக்கு முன்னால் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் கிராமங்களுக்குப் போனது. நம் காரைக்கால்மேட்டுக்கும் பட்டினச்சேரிக்கும் ஒரு பெட்டிப் புத்தகத்தோடு மாணவர்களை அனுப்ப முடியாதா? யார் எதை எடுத்தார்கள், எதைத் தொடவே இல்லை என்று அவர்கள் எழுதி வரட்டும். அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது அந்தக் குறிப்பை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகர்களே, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை வாசகரிடம் விடுங்கள். தவறினால் பக்கத்தில் நின்று திருத்துங்கள். கல்லூரிகளே, வருகைப் பதிவேட்டைப் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். எத்தனை வாசகருக்குத் தேடியதை எடுத்துக் கொடுத்தார்கள் என்று பார்த்துப் போடுங்கள்.