பாடம் இலவசம், பக்கத்தில் இருப்பது யார்?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேடையில் வைத்தியர்களும் பேராசிரியர்களும் பொறியியலாளர்களும் பேசியிருக்கிறார்கள். நான் 1988 ஆம் ஆண்டு உயர்தரம் எழுதியவள். பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லாதிருந்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் அச்சகத்தில் சேர்ந்து ஈய எழுத்துக்களைக் கையால் கோத்தேன். பிறகு மின்சாரம் வந்தது, கணினி வந்தது, பாமினி எழுத்துரு வந்தது. கல்லூரியின் பரிசளிப்பு விழா அறிக்கைகள் சிலவற்றை நானே தட்டச்சுச் செய்திருக்கிறேன். அவற்றில் எழுத்துப் பிழை கண்டவர்கள் இன்றைக்கு என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் நான் இணையப்பக்கம் செய்யப் படித்த கதையைச் சொல்லும்படி சங்கத்தினர் கேட்டார்கள். அந்தக் கதையோடு, அதன் முடிவில், உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

2022 ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடதாசி இல்லை, மை இல்லை. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. கிழமையில் மூன்று நாள் வந்தால் போதும் என்று அச்சக முதலாளி சொன்னார். பிறகு, "பிள்ளை, ஒண்டும் யோசிக்காதை, நிலைமை சரிவந்தால் கூப்பிடுறன்" என்றார். இன்று வரை கூப்பிடவில்லை. அவரில் பிழையில்லை.

அப்போதுதான் என் மகன் சொன்னான்: "அம்மா, இணையப்பக்கம் செய்யிறதும் நீங்கள் செய்த வேலைதான். கடதாசிக்குப் பதிலா போன், அவ்வளவுதான்." ஃபிரீ கோட் காம்ப் என்ற இணையவழிக் கல்வித் தளத்தையும் காட்டினான். 2014 இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட, இலாப நோக்கமில்லாத அமைப்பு அது. ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நான் சேர்ந்த பாடநெறிக்கு ஏறக்குறைய 300 மணித்தியாலம் என்று போட்டிருந்தது. பூனைப் படங்களுக்கு ஒரு பக்கம், தேநீர்க் கடைக்கு ஒரு விலைப்பட்டியல் என்று சின்னச் சின்ன வேலைகளாகக் கற்பிப்பார்கள். சான்றிதழ் வேண்டுமானால், கடைசியில் ஐந்து பக்கங்களை எவர் உதவியும் இல்லாமல் செய்து காட்ட வேண்டியிருந்தது.

தொடங்கியது மார்ச் மாதக் கடைசியில். அப்போது ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு. மின்சாரம் இருக்கும்போது பாடத்தைக் கொப்பியில் எழுதி வைப்பேன். இல்லாதபோது விளக்கு வெளிச்சத்தில் விடையைப் பேனையால் எழுதிப் பார்ப்பேன். திரும்ப மின்சாரம் வந்ததும் தட்டச்சு. அந்தக் கொப்பிகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன.

முதல் இரண்டு மாதம் எனக்குச் சந்தோசமான காலம். ஏனென்றால் மகன் சொன்னது பாதி உண்மை. எச்.டி.எம்.எல். என்பது கையெழுத்துப் பிரதியில் 'இது தலைப்பு, இது பந்தி, இது பட்டியல்' என்று நாங்கள் குறித்து வைப்பது போன்றது. சி.எஸ்.எஸ். என்பது அந்தத் தலைப்பு எவ்வளவு பெரிது, என்ன நிறம், சுற்றிவர எவ்வளவு இடம் என்று சொல்வது. அச்சுக் கோக்கும் காலத்தில் வரிகள் ஒன்றோடொன்று முட்டாமல் இடையில் மெல்லிய ஈயத் தகடு வைப்போம். இங்கே அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தால் போதும். அந்த எண்ணைக் குறைத்தால் மேல் வரியில் 'மூ' வின் காலும் கீழ் வரியில் 'கீ' யின் தலையும் முட்டும். ஆங்கிலப் பக்கத்துக்கு அளவாக இருக்கும் இடைவெளி தமிழுக்குப் போதாது. அதைப் பாடம் சொல்லித் தரவில்லை. அச்சகம் சொல்லித் தந்தது.

மற்றப் பாதி மகனுக்குத் தெரியாது. அச்சகத்தில் கடதாசியின் அளவு எங்களுக்குத் தெரியும். இணையப்பக்கத்தைப் பார்ப்பவர் கையில் சின்னப் போன் இருக்கிறதோ, மேசையில் பெரிய திரை இருக்கிறதோ யாருக்குத் தெரியும்? முப்பது வருடமாக அங்குலக் கணக்கில் பழகிய நான், 'இருக்கிற அகலத்தில் பாதி', 'இடம் போதாவிட்டால் கீழே இறங்கு' என்று சொல்லப் பழக வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் ஆறெழுத்துச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'சமர்ப்பிக்கவும்' என்று போட்டால் பாதி வெளியே நிற்கும். பிழை சொல்லில் இல்லை, பொத்தானின் அகலத்தைக் கட்டிப்போட்டதில். அதைத் தளர்த்தி விட்டால் சொல் தனக்கு வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்.

என்னை விழுத்தியது அடுத்து வந்த ஜாவாஸ்கிரிப்ட். பக்கத்தை வேலை செய்ய வைக்கும் மொழி அது. பொத்தானை அழுத்தினால் ஒரு படம் மாற வேண்டும், அவ்வளவுதான். மாறவில்லை. நாலு நாள் இருந்தேன். எழுத்துக்கெழுத்து ஒப்புநோக்கினேன். அது எனக்குப் பழகிய வேலை. பிழை இல்லை. படமும் மாறவில்லை. ஐந்தாம் நாள் மூடி வைத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போனேன். திரும்பவும் மூடினேன். 'இது எனக்குரியதல்ல, வயது போய்விட்டது' என்று வீட்டில் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. அதுதான் கூடுதலாக வலித்தது.

அந்த நேரத்தில் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ கல்லூரிப் பாடல் வரிகளை ஒருங்குறியில் கேட்டார்கள். பாமினியில் இருப்பதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும். திரும்பத் தட்டச்சுச் செய்து போட்டேன். ரொறன்ரோவில் இருக்கும் ஒரு பழைய மாணவி, எனக்கு இருபது வருடம் பின்னால் படித்தவர், "அக்கா, நீங்கள் வெப் படிக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டன், எப்பிடிப் போகுது?" என்று தனியாகக் கேட்டார். போகவில்லை என்றேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவர் அவர். "சனிக்கிழமை கதைப்பம்" என்றார். அங்கே காலை ஒன்பதரை, இங்கே பின்னேரம் ஏழு.

அவர் விடை சொல்லவில்லை. "அக்கா, திரையில சிவப்பா என்ன வந்திருக்கு? வாசியுங்கோ" என்றார். நாலு நாளும் அந்தச் சிவப்பு வரியைப் பார்த்துப் பயந்தேனே தவிர வாசிக்கவில்லை. வாசித்தேன். அதில் 'நல்' என்று ஒரு சொல் இருந்தது. "அப்பிடியெண்டா ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். நீங்கள் தேடின பொத்தான் அதுக்குக் கிடைக்கேல்லை. ஏன் கிடைக்கேல்லை? உங்கட நிரல் பக்கத்தில எங்க இருக்கு, பொத்தான் எங்க இருக்கு?" நிரல் மேலே இருந்தது, பொத்தான் கீழே. உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாக வாசிக்கிறது. நான் பொத்தானைத் தேடச் சொன்ன நேரத்தில் பொத்தான் இன்னும் பிறக்கவேயில்லை! நிரலைப் பக்கத்தின் அடியில் கொண்டுபோய் வைத்தேன். அழுத்தினேன். படம் மாறியது. நான் போட்ட சத்தத்தில் மகன் அறையிலிருந்து ஓடி வந்தான்.

அதன் பிறகு ஏழு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு மணித்தியாலம். சில கிழமைகளில் கேட்கக் கேள்வியே இருக்காது. ஆனாலும் சனிக்கிழமை வருகிறதே என்று வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து படிப்பேன். பள்ளிக்கூடத்தில் மிஸ் கேட்பா என்று வீட்டுவேலை செய்தோமே, அதேதான்.

அந்த ஐந்து பக்கங்களில் ஒன்று, நாங்கள் மதிக்கும் ஒருவருக்கான அஞ்சலிப் பக்கம். நான் எங்கள் வலைப்பந்தாட்டக் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த, இன்று எம்மிடையே இல்லாத, ஆசிரியை ஒருவரை எடுத்தேன். அவருடைய படம் தேடினால் கிடைக்கவில்லை. 1995 இடப்பெயர்வோடு எங்கள் வீட்டு அல்பங்களும் போய்விட்டன. கடைசியில் ஒரு தோழியிடம் 1984 ஆம் ஆண்டுக் குழுப் படம் ஒன்று இருந்தது. ஆசிரியையோடு பதினாலு பிள்ளைகள்.

இணையப்பக்கத்தில் ஒரு படத்தைப் போட்டால், படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்காக அதில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். கண்பார்வை இல்லாதவர்களுக்குத் திரைவாசிப்பான் அதை வாசித்துச் சொல்லும். பக்கத்தின் மொழி தமிழ் என்று தொடக்கத்திலேயே குறித்துவிட்டால்தான் தமிழாக வாசிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். 'வலைப்பந்தாட்டக் குழு' என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்திருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை. பேர்களை எழுத வேண்டும் என்று இருந்தது. என்னால் சொல்ல முடிந்தது ஆறு பேரை. படத்தைக் குழுவில் போட்டேன். மெல்பேணில் இருந்து ஒரு பெயர், மட்டக்களப்பில் இருந்து ஒன்று, ரொறன்ரோவில் இருந்து மூன்று. இரண்டு கிழமையில் பதினொரு பேர். மிச்சம் மூன்று பேர் இன்னும் கிடைக்கவில்லை. பின்வரிசையில் இடது பக்கத்திலிருந்து இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது. படத்தை வாசலில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது தயவுசெய்து பாருங்கள்.

பாடநெறியைப் பதினாலு மாதத்தில் முடித்தேன். இன்று ஒரு தையல் நிலையத்துக்கும் ஒரு பாலர் பாடசாலைக்கும் ஒரு வாசிகசாலைக்கும் தமிழில் பக்கங்கள் செய்து கொடுத்திருக்கிறேன். மாதச் சம்பளம் போல நிச்சயமான வருமானம் இல்லை. விண்ணப்பித்த நிறுவனங்கள் பலவற்றிலிருந்து பதிலும் வரவில்லை. இருந்தாலும் எனக்கு ஒரு கைத்தொழில் திரும்பக் கிடைத்தது.

இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதுகிறதே, இனி ஏன் படிக்க வேண்டும்? நானும் அதைப் பாவிக்கிறேன். அது அரை நிமிடத்தில் ஒரு பக்கம் செய்து தரும். அப்படித் தந்த ஒரு பக்கத்தில் தமிழ் வரிகள் முட்டி நின்றன, பொத்தானுக்கு வெளியே சொல் நின்றது. அதைக் கண்டுபிடிக்கவும் எங்கே திருத்த வேண்டும் என்று சொல்லவும் படித்த ஆள் வேண்டும். தொடக்க நிலை வேலைகள் முன்பு போல இலகுவாகக் கிடைக்காது என்பதையும் பிள்ளைகளுக்கு நாங்கள் மறைக்கக் கூடாது.

இனி என் கோரிக்கை.

சென்ற வருடம் உயர்தரம் எழுதிவிட்டு இருந்த எங்கள் பிள்ளைகள் மூவர் என்னைப் பார்த்து இதே பாடநெறியைத் தொடங்கினார்கள். மூவரும் என்னைவிடக் கெட்டிக்காரிகள். இருவர் விட்டுவிட்டார்கள். ஒருவரிடம் கைத்தொலைபேசி மட்டும்தான் இருந்தது. அந்தச் சின்னத் திரையில் நிரல் எழுதுவது ஊசிமுனையில் அரிசி குத்துவது போல. மற்றவரிடம் மடிக்கணினி இருந்தது. எங்கள் பழைய மாணவிகள் சிலரே அன்பளிப்புச் செய்தது. அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "அன்ரி, இங்கிலீசில வாற பிழை எனக்கு விளங்கேல்லை, ஆரிட்டையும் கேக்க வெக்கமா இருக்கு, நான் இதுக்குச் சரிவர மாட்டன்" என்று அழுதது. எனக்கும் அந்த வசனம் நன்றாகத் தெரியும். நான் சொன்னபோது ரொறன்ரோவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டார். இந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒருவரும் இல்லை. நானும் இருக்கவில்லை. ஒரு மாதம் பிந்தித்தான் எனக்குத் தெரிய வந்தது.

பாடங்கள் இன்று இலவசம். வெளிநாட்டுத் தளங்கள் மட்டுமல்ல, எங்கள் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் இணையவடிவமைப்பு, நிரலாக்கம் ஆகியவற்றில் இலவச இணையவழிப் பாடநெறிகளை நடத்துகிறது. பக்கத்தில் இருந்து "என்ன வந்திருக்கு, வாசி" என்று கேட்க ஆள் தேவை. அதை எந்தத் தளமும் தராது. நாங்கள் தரலாம்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, கல்லூரிக் கணினி அறையைச் சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம், பரீட்சை எழுதிவிட்டு இருக்கும் பிள்ளைகளுக்குத் திறந்து விட வேண்டும். அதிபர் அவர்களிடம் இதை இந்த மேடையில் வைத்தே கேட்கிறேன். திறப்பை வாங்கித் திறந்து, முடியும் வரை இருந்து, பூட்டித் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. மற்றது, கிளைகளில் இருக்கும் சகோதரிகளே, இந்தத் துறையில் வேலை செய்யும் ஒவ்வொருவரும் ஒரு பிள்ளையை எடுங்கள். கிழமைக்கு ஒரு மணித்தியாலம், ஆறு மாதம். மடிக்கணினி அனுப்புவதை நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை. அதோடு உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள் என்கிறேன்.

வாசலில் அந்தப் படத்துக்குக் கீழே ஒரு கொப்பியும் பேனையும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் அந்த மூன்று பேரின் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். மறுபக்கத்தில் ஒரு மணித்தியாலம் தரக்கூடியவர்கள் உங்கள் பெயரை எழுதுங்கள். அழுத அந்தப் பிள்ளையிடம் வருகிற சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வருவேன் என்று சொல்லியிருக்கிறா.