வரைபடம் விரியும்போதே வாய் திறப்போம்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்துக்கு வருகிற கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "எங்கள் சாலுக்குப் பின்னால் பிள்ளைகள் விளையாடிய மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். யாரைக் கேட்டுச் செய்தார்கள்?" என்று கேட்கிறார்கள். இதற்கு நாங்கள் சொல்லும் பதில் பலருக்கு வியப்பாக இருக்கிறது. உங்களைக் கேட்டுத்தான் செய்திருக்கிறார்கள்! அரசாங்க கெஜட்டிலும் பத்திரிகையின் ஒரு மூலையிலும் அந்தக் கேள்வி அச்சாகியிருந்தது. கெடுவும் முடிந்துவிட்டது. சேதி மட்டும் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை.

ஆகவே இன்று நாம் பேசப்போவது ஒன்றே ஒன்று. இந்த மும்பை மாநகரத்தில் எந்த இடத்தில் எது வர வேண்டும் என்று முடிவெடுக்கும்போது, அங்கே குடியிருக்கிற நாம் எப்போது, எப்படி வாய் திறக்கலாம்?

கட்டடத்துக்கு முன்னால் வரைபடம்

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிக்கொள்வோம். பில்டர் அனுமதிக்கு மனுப் போட்டால், அக்கம்பக்கத்தாருக்கு நோட்டீஸ் வரும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பலர் இருக்கிறார்கள். அப்படி ஒரு நோட்டீஸ் வருவதில்லை. தனி ஒரு கட்டடத்துக்கான மனு மாநகராட்சியின் கட்டட அனுமதிப் பிரிவுக்குப் போகிறது. அங்கே விதிகளை வைத்துப் பார்க்கிறார்கள். முதலில் ஐ.ஓ.டி. என்ற ஒரு காகிதம் தருகிறார்கள். அதன் முழுப் பெயருக்கு 'மறுப்பு அறிவிப்பு' என்று பொருள். நிபந்தனைகளோடு தருகிற சம்மதத்துக்குப் பெயர் மறுப்பு! நிபந்தனைகள் நிறைவேறினால் வேலை தொடங்கும் சான்றிதழ் வருகிறது. இவ்வளவுக்கும் நடுவில் உங்கள் கருத்து என்ன என்று யாரும் கேட்பதில்லை. விதி மீறினால் புகார் செய்யலாம், அவ்வளவுதான்.

அப்படியானால் நம்மைக் கேட்கும் இடம் எது? 1966ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டார, நகரத் திட்டச் சட்டம் அதைச் சொல்கிறது. மாநகராட்சி வளர்ச்சித் திட்டம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். 20 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதைத் திருத்த வேண்டும். எது பள்ளிக்கூடம், எது ஆஸ்பத்திரி, எது மார்க்கெட், எது மைதானம், எந்தச் சாலை எவ்வளவு அகலமாகப் போகிறது என்பதெல்லாம் அந்த வரைபடத்தில்தான் தீர்மானம் ஆகிறது. பில்டர் பிறகு கொண்டுவரும் மனு அந்த வரைபடத்தின் பின்னால் வருகிற வால்.

வரைவைத் தயாரித்ததும் மாநகராட்சி அதை வெளியிட்டு, ஆட்சேபணைகளையும் யோசனைகளையும் கேட்க வேண்டும். இது 26ஆம் பிரிவு. பிறகு ஒரு திட்டக் குழு உட்காரும். நிலைக்குழு உறுப்பினர் மூவரும், அரசு நியமிக்கும் நிபுணர் நால்வர் வரையிலும் அதில் இருப்பார்கள். எழுதிக் கொடுத்தவர்களை அழைத்து நேரில் கேட்டுத்தான் அக்குழு அறிக்கை தர வேண்டும். இது 28ஆம் பிரிவு. திட்டம் அமலுக்கு வந்த பிறகு நடுவில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால், 37ஆம் பிரிவின்படி மறுபடி அறிவிப்புக் கொடுத்து ஒரு மாதம் ஆட்சேபணை கேட்க வேண்டும்.

'எவரும்' என்ற ஒரு சொல்

இந்தச் சட்டத்தில் நாம் மனப்பாடம் செய்ய வேண்டிய சொல் ஒன்று உண்டு. ஆட்சேபணை தரக்கூடியவர் யார் என்று வருகிற இடங்களில் சட்டம் 'எவரும்' என்கிறது. நிலத்தின் சொந்தக்காரர் என்று சொல்லவில்லை. வரி கட்டுகிறவர் என்று சொல்லவில்லை. இந்த மாநிலத்தில் பிறந்தவர் என்றும் சொல்லவில்லை.

தோழர்களே, நம்மில் பலர் 'நாம் வாடகைக்கு இருப்பவர்கள், வெளியூர்க்காரர்கள், நமக்கு இதில் என்ன பேச்சு?' என்று ஒதுங்கி நிற்கிறோம். திருநெல்வேலியிலிருந்து பாட்டனார் வந்து தோல் பதனிட்ட இடத்தில், மூன்றாம் தலைமுறை நின்றுகொண்டு 'நான் வெளியூர்' என்கிறது! சட்டமே கேட்காத கேள்வியை நாம் ஏன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்? தண்ணீர் குழாயில் வரிசையில் நிற்பவருக்கு, குழாய் எங்கே வர வேண்டும் என்று சொல்லும் உரிமையும் உண்டு.

2015இல் நடந்தது

எழுதிக் கொடுத்தால் ஏதாவது நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. 2034ஆம் ஆண்டு வரைக்குமான மும்பை வளர்ச்சித் திட்டத்தின் வரைவு 2015 பிப்ரவரியில் வெளியாயிற்று. 60 நாள் கெடு கொடுத்தார்கள். மக்கள் வரைபடத்தைத் தங்கள் தெருவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மீனவர்கள் தங்கள் கோலிவாடாக்களைக் காணோம் என்றார்கள். பழைய கிறிஸ்தவக் கிராமத்தார் தங்கள் காவ்டாண்களைக் காணோம் என்றார்கள். ஆரே காலனியின் பசுமை நிலத்தைக் கட்டடங்களுக்குத் திறந்துவிடும் யோசனையைக் கண்டு பலர் கொதித்தெழுந்தார்கள். கட்டடக்கலை நிபுணர்கள், குடியிருப்போர் சங்கங்கள், அரசியல் கட்சிகள் எல்லாம் சேர்ந்தன. 50,000க்கும் மேற்பட்ட ஆட்சேபணைகள் குவிந்தன. கெடு முடிவதற்குள்ளேயே, ஏப்ரல் மாதத்தில், அந்த வரைவைத் திருத்தி எழுதும்படி அன்றைய முதலமைச்சர் தேவேந்திர பட்னாவிஸ் உத்தரவிட்டார்.

திருத்திய வரைவு 2016 மே மாதம் வந்தது. மறுபடி ஆட்சேபணை, பிறகு நேர்முக விசாரணை. 2018 மே மாதம் அரசு ஒப்புதல் தந்தபோதும், பெரிய மாற்றங்கள் செய்த பகுதிகளைத் தனியே பிரித்து வைத்து, அவற்றுக்கு மட்டும் இன்னொரு முறை மக்கள் கருத்தைக் கேட்டார்கள். ஆக ஒரே திட்டத்துக்கு வாசல் மூன்று முறை திறந்தது. மீனவர் அந்த வாசலில் நின்றார். நம் தமிழ்ப் பேட்டைகளிலிருந்து எத்தனை பேர் நின்றார்கள் என்று ஒவ்வொரு கிளையும் எண்ணிப் பார்க்கட்டும்.

காலம் தவறினால்

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2019இல் அதே ஆரே காலனியில் மெட்ரோ ரயில் பணிமனைக்காக மரங்களை வெட்ட அனுமதி கேட்டார்கள். 80,000க்கு மேற்பட்ட ஆட்சேபணைகள் போயின. ஆயினும் மரக் குழுமம் ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. அக்டோபர் 4ஆம் தேதி உயர் நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்தது. அன்று இரவே மரங்களை வெட்டத் தொடங்கினார்கள். 7ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிறுத்தச் சொன்னபோது 2,000க்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன.

2015இல் 50,000 பேர் சொன்னது எடுபட்டது. 2019இல் 80,000 பேர் சொன்னது எடுபடவில்லை. என்ன காரணம்? பல காரணங்கள் உண்டு. அவற்றில் நமக்குப் பாடமாகிற காரணம் இது: முதலாவதில் வரைபடம் இன்னும் வரைவாக இருந்தது. இரண்டாவதில் பணிமனை எந்த இடத்தில் என்பது முன்பே முடிவாகிவிட்டது. மரம் கடைசிப் படி. புல்டோசர் வருகிற நாளில் நூறு பேர் போடும் கூச்சலைவிட, வரைபடம் விரிக்கிற நாளில் ஒருவர் கொடுக்கும் காகிதத்துக்குப் பலம் அதிகம்.

மனு எப்படி எழுதுவது?

நம்மில் பலர் காலமெல்லாம் ஆபீஸ் காகிதங்களோடு புழங்குகிறவர்கள். எந்தக் காகிதம் நகரும், எந்தக் காகிதம் கட்டுக்குள்ளேயே கிடக்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த அனுபவத்தைத் தெருவுக்குக் கொடுப்போம்.

முதலாவது, இடத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டும். 'எங்கள் ஏரியா மைதானம்' என்று எழுதினால் யாருக்கும் புரியாது. மாட்டுங்காவும் சயனும் எஃப் வடக்கு வார்டு, செம்பூர் எம் மேற்கு வார்டு என்பதைப்போல வார்டைப் போடுங்கள். நிலத்தின் சி.டி.எஸ். எண்ணைப் போடுங்கள். வரைபடத் தாளின் எண்ணைப் போடுங்கள்.

இரண்டாவது, ஒரு மனுவில் ஒரு விஷயம். சாக்கடை, ரேஷன் கடை, மைதானம் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்றும் கெடும்.

மூன்றாவது, வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல், என்ன வேண்டும் என்றும் சொல்லுங்கள். "இந்த நிலம் முந்தைய திட்டத்தில் மைதானம். வரைவில் குடியிருப்பு என்று இருக்கிறது. மைதானமாகவே வைக்கக் கோருகிறோம்." இந்த மூன்று வரி போதும். பழைய வரைபடத்தின் நகல், போட்டோ, பள்ளிக்கூடத்தின் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள்.

நான்காவது, 'நேரில் விசாரிக்கும்படி வேண்டுகிறோம்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது, கெடுவுக்குள் கொடுத்து, நகலில் இன்வர்டு முத்திரையும் எண்ணும் தேதியும் வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு, ரசீது இல்லாத பார்சல். தொலைந்தால் கேட்க நாதியில்லை. தகவல் தராமல் இழுத்தடித்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு.

மனுவை மராத்தியில் எழுதுவதே நல்லது. அது இந்த மாநிலத்தின் ஆட்சிமொழி. நம் பிள்ளைகள் மராத்தி படிக்கிறார்கள், அவர்களை எழுதச் சொல்லுங்கள். பக்கத்து மராத்தியரும், உத்தரப் பிரதேசத்தாரும், முஸ்லிம் நண்பரும் சேர்ந்து கையெழுத்திட்டால் அது தமிழர் மனு ஆகாது, தெருவின் மனு ஆகும். பெண்களை விசாரணைக்கு அழைத்துப் போங்கள். எந்தச் சந்தில் விளக்கு இல்லை, எந்தப் பள்ளிக்குப் போகிற வழியில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் அத்துப்படி.

தாராவியின் வாசல் வேறு

தாராவித் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாராவி மறுசீரமைப்புப் பகுதி மாநகராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்குள் வரவில்லை. அதற்குக் குடிசை மறுவாழ்வு ஆணையம்தான் சிறப்புத் திட்ட அதிகாரி. மற்றப் பேட்டைகளில் பில்டர் கொண்டுவரும் குடிசை மாற்றுத் திட்டத்துக்குத் தகுதியுள்ள குடித்தனக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் சம்மதம் வேண்டும். தாராவியில் அரசே முன்னின்று நடத்துவதால் அந்தச் சம்மதம் தேவையில்லை என்று வைத்துவிட்டார்கள். சம்மதம் கேட்காத இடத்தில் ஆட்சேபணைக்கு மதிப்பு இரண்டு மடங்கு.

அங்கே முக்கியமான காகிதம் 'அனெக்ஸர் இரண்டு' என்கிற தகுதிப் பட்டியல். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே இருக்கிறோம் என்று காட்ட முடிந்தவருக்கு ஒரு வகை, 2011 ஜனவரி 1 வரை வந்தவருக்கு இன்னொரு வகை, பிறகு வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறு வகை. தாராவிக்குள்ளேயே வீடா, வெளியே போக வேண்டுமா என்பது இந்தத் தேதிகளில் தொங்குகிறது. வரைவுப் பட்டியல் ஒட்டப்பட்டதும் உங்கள் பெயர், அறை எண், உபயோகம் மூன்றையும் பாருங்கள். இட்லி மாவு அரைத்து விற்கிற அறை வெறும் குடியிருப்பு என்று எழுதப்பட்டிருந்தால், அந்தக் குடும்பத்தின் பிழைப்பே பட்டியலில் இல்லை என்று பொருள். கெடுவுக்குள் ஆட்சேபணை கொடுங்கள். கேட்காவிட்டால் மேல்முறையீடு உண்டு.

நாம் செய்ய வேண்டியது

2022 மார்ச்சில் மாநகராட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன் பின் சில ஆண்டுகள் தேர்தலே இல்லாமல் ஆணையரே நிர்வாகியாக இருந்தார். வார்டு உறுப்பினரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்ற ஒரே வழியை நம்பியிருந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளில் கதவே இல்லை. சட்டப்படி எழுதிக் கொடுக்கும் வழி அப்போதும் இருந்தது. எனவே எவரையும் நம்பிச் சும்மா இருக்க வேண்டாம்.

சங்கத்தின் சார்பில் மூன்று வேலைகளை முன்வைக்கிறோம். ஒவ்வொரு கிளையும் தன் வார்டின் வளர்ச்சித் திட்ட வரைபடத்தை வாங்கிப் படிப்பகத்தின் சுவரில் மாட்டட்டும். மராத்தியும் ஆங்கிலமும் படிக்கத் தெரிந்த இருவர், பத்திரிகைகளில் வரும் 37ஆம் பிரிவு அறிவிப்புகளை வாரந்தோறும் பார்த்துச் சங்கத்துக்கு எழுதட்டும். அறிவிப்பு வந்த ஒரு வாரத்துக்குள் தெருக்கூட்டம் போட்டு மனு தயாராகட்டும்.

இந்த ஊரின் தண்டவாளத்தையும் துறைமுகத்தையும் ஆலைகளையும் கட்டியதில் நம்மவர் வேர்வையும் கலந்திருக்கிறது. வேர்வைக்கு முத்திரை கிடையாது. மனுவுக்கு உண்டு. அந்த முத்திரையை வாங்குவோம்.