மணலில் விளையும் வெங்காயம்

வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனைக் கடையிலோ இன்று நீங்கள் வாங்கப்போகும் சின்ன வெங்காயமும் பீற்றூட்டும் கடற்கரை மணலில் விளைந்தவையாக இருக்கலாம்.

கொழும்புக்கு வடக்கே சுமார் 150 கிலோமீற்றரில், புத்தளம் களப்புக்கும் இந்து சமுத்திரத்துக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. ஆறு இல்லை. ஊற்றிய தண்ணீர் நிற்காத மணல். ஆனாலும் நுரைச்சோலைப் பக்கம் போனால் எங்கும் மரக்கறித் தோட்டங்கள்தான்.

எப்படி? மழைநீர் மணலுக்குள் இறங்கித் தங்குகிறது. நன்னீர் உப்புநீரை விடப் பாரம் குறைந்தது. அதனால் நிலத்தடியில் உப்புநீருக்கு மேலே மிதக்கிறது. ஆழமில்லாத கிணறே போதும். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால், கீழேயுள்ள உப்பு மேலேறிவிடும்.

இன்னொரு சிக்கல் உரம். மணலில் யூரியா தங்காது. பாய்ச்சும் நீரோடு இறங்கி, அதே கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்கிறது. குடிநீரில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிஞ்சினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. அங்குள்ள பல கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

உரத்தைச் சிறுகச் சிறுகப் பிரித்து இடுவதும், எருவைக் கூட்டுவதும், தேவைக்கு மட்டும் நீர் தூவுவதும்தான் வழி. தோட்டத்துக்கும் வீட்டுக்கும் அங்கே தண்ணீர் ஒன்றுதானே!