கணினிக்கு ஏற்ற றேடியேற்றர்

இறம்பொடை ஏற்றத்திலே பழைய பேருந்து ஒன்று மூச்சிரைத்து நிற்பதையும், சாரதி இறங்கி முன்மூடியைத் திறந்து, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, வாளித் தண்ணீரை றேடியேற்றரில் ஊற்றுவதையும் கண்டவர் பலர். அந்த றேடியேற்றர் இன்று வீட்டு மேசைக்கும் வந்து சேர்ந்திருக்கின்றது. நீரினாற் குளிர்விக்கும் மேசைக் கணினியை அமைக்க விரும்புவோர், எத்தகைய றேடியேற்றரைத் தெரிவது என்று கடையிலே தடுமாறி நிற்கின்றனர். மிகப் பெரியதை வாங்கினால் கணினி மிகக் குளிர்ந்திருக்கும் என்பது பொது எண்ணம். அவ்வெண்ணத்தில் உண்மை பாதியே உண்டு. மற்றைய பாதியை அறியாதவர் பணத்தையும் இழப்பர்; விரும்பிய பயனையும் பெறார்.

நீரினாற் குளிர்வித்தல் புதிய கலையன்று. ஐ.பீ.எம். நிறுவனம் 1980ஆம் ஆண்டில் அறிவித்த 3081 என்னும் பெருங்கணினியின் சில்லுகளை நீரே குளிர்வித்தது. வீடுகளில் இம்முறையைக் கையாளத் தொடங்கிய ஆர்வலரோ, 1990களின் பிற்பகுதியிலும் அதையடுத்த சில ஆண்டுகளிலும், குளிர்நாட்டு மோட்டார் வண்டிகளின் உள்ளறையைச் சூடாக்கும் சிறிய வெப்பமாற்றிகளைக் கழற்றிக் கணினியிற் பொருத்தினர். மனிதனைச் சூடாக்கச் செய்த கருவி சில்லைக் குளிர்விக்க உதவியது. இதில் முரண்பாடு யாதுமில்லை. நீரிலுள்ள வெப்பத்தைக் காற்றிற்கு ஒப்படைப்பதே அதன் தொழில். அக்காற்றை எவர் எதற்குப் பயன்படுத்துகின்றார் என்பதை அஃது அறியாது.

சில்லிலே பிறக்கும் வெப்பம் செப்புக் கட்டிக்குச் செல்கின்றது. அங்கிருந்து நீருக்கும், நீரிலிருந்து றேடியேற்றரின் தகடுகளுக்கும், ஈற்றில் அறைக் காற்றுக்கும் செல்கின்றது. நீர் வெப்பத்தை அழிப்பதில்லை, சுமக்கின்றது. ஒரே கன அளவை எடுத்துக்கொண்டால், காற்றிலும் மூவாயிரம் மடங்குக்கு மேலாகச் சுமக்க வல்லது நீர். நிமிடத்திற்கு 4 லீற்றர் நீர் ஓடும் சுற்றிலே 300 வாற்று வெப்பம் சேர்ந்தாலும், உட்செல்லும் நீருக்கும் வெளிவரும் நீருக்கும் இடையே ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் வேறுபாடே காணப்படும். ஆதலின், றேடியேற்றர் முதலில் வருதல் வேண்டுமா, மையச் செயலி முதலில் வருதல் வேண்டுமா என்று ஆர்வலர் நிகழ்த்தும் வாதம் பெரும்பாலும் வீண் வாதமே.

இவ்வழியில் இரண்டு இடைவெளிகள் உள. நீரைவிடச் சில்லு எத்தனை பாகை சூடாக இருக்கின்றது என்பது ஒன்று. அறைக் காற்றைவிட நீர் எத்தனை பாகை சூடாக இருக்கின்றது என்பது மற்றொன்று. முதலாவது இடைவெளி சில்லின் அமைப்பையும் செப்புக் கட்டியையும் அவற்றிடையே பூசப்படும் பசையையும் பொறுத்தது. நகத்தளவு இடத்தில் 250 வாற்று பிறக்கும் இக்காலத்துச் செயலிகளில் அது 40 பாகையாதலும் உண்டு. றேடியேற்றர் அதைத் தொடவும் மாட்டாது. அதன் ஆட்சி இரண்டாவது இடைவெளிக்குள் மட்டுமே.

அமைப்போர் பெரும்பாலும் இரண்டாவது இடைவெளியை 10 பாகையளவில் நிறுத்த முயல்வர். 30 பாகை வெப்பமுள்ள அறையில் நீர் 40 பாகையும் சில்லு 80 பாகையும் காட்டுவதாகக் கொள்வோமாயின், இரு மடங்கு பெரிய றேடியேற்றரை இரு மடங்கு விசிறிகளுடன் அதே வேகத்தில் இயக்கும்போது 10 பாகை 5 ஆகும். சில்லு 75 பாகைக்கு இறங்கும். அவ்வளவே. எண்பது நாற்பதாகிவிடும் என்று எண்ணி இரட்டிப்பு விலை கொடுத்தவர் ஏமாற்றமடைதல் இயல்பு.

அங்ஙனமாயின் பெரிய றேடியேற்றராற் பயன் யாது? அமைதி. பரப்பு பெரிதாயின் விசிறிகள் விரைந்து சுழல வேண்டியதில்லை. ஒரு விசிறியின் சுழற்சி வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் குறையும் என்பது விசிறிகளுக்குரிய விதி. ஒரே அறையில் ஒருவர் இரவிலே படங்களைத் தொகுக்க, மற்றொருவர் உறங்கவும் வேண்டிய சிறிய வீட்டில் இக்குறைவின் பெறுமதி பெரிது. பெரிய றேடியேற்றருக்குக் கொடுக்கும் பணம் குளிர்ச்சிக்கு அன்று, உறக்கத்திற்கு என்று கொள்வதே பொருத்தம்.

இனி அளவு. விசிறியின் அகலமே இங்கு அளவுகோல். 120 மில்லிமீற்றர் விசிறிகள் ஒன்று, இரண்டு, மூன்று பொருந்துவன 120, 240, 360 என்றும், 140 மில்லிமீற்றர் விசிறிகள் பொருந்துவன 140, 280, 420 என்றும் வழங்கும். பெயரிலுள்ள எண் மயக்கந் தரும். 360இன் முகப் பரப்பு 432 சதுர சென்ரிமீற்றர். 280இன் பரப்பு 392. பெயரைக் கேட்டவர் 280ஐ 240இன் உடன்பிறப்பு என்று நினைப்பர். உண்மையில் அது 360இன் அயலிலே நிற்பது. நீண்ட றேடியேற்றருக்கு இடமில்லாத பெட்டிக்கு அதுவே நல்ல தெரிவு.

மெதுவாகச் சுழலும் ஒரு 120 மில்லிமீற்றர் விசிறியிடத்திற்கு ஏறத்தாழ 100 வாற்று என்பது ஆர்வலரிடையே வழங்கும் கைக்கணக்கு. இன்ரெல் நிறுவனம் 2023இல் வெளியிட்ட 14900கே என்னும் செயலியின் உச்ச மின்வலு 253 வாற்று. அதற்கு மட்டும் ஒரு 360 போதும். சிறிது இரைச்சலைப் பொறுப்பவருக்கு 280உம் போதும். 2022இல் வந்த என்விடியா 4090 என்னும் வரைகலை அட்டையோ தனித்தே 450 வாற்று கொள்வது. இரண்டையும் ஒரே சுற்றில் இணைப்பவர் இரண்டு றேடியேற்றர்களுக்கு இடந் தேட வேண்டும். விளையாட்டிற்கு மட்டும் பயன்படுத்துபவரின் செயலி உச்சத்தைத் தொடுவது அரிது என்பதையும் கணக்கிற் சேர்த்தல் தகும்.

தடிப்பு அதிகமாதலும் தகடுகள் நெருங்கியிருத்தலும் நன்று போலத் தோன்றும். ஆனால், நெருங்கிய தகடுகளினூடே மெதுவான காற்றுப் புகாது; விசிறியை விரைவாக்க நேரும்; தூசியும் விரைவிலே அடைத்துக்கொள்ளும். அமைதி வேண்டுவோர்க்கு 30 மில்லிமீற்றரளவு தடிப்பும் இடைவிட்ட தகடுகளும் போதியன.

உலோகத்தில் தவறு நேர்ந்தால் அது மெல்லக் கொல்லும். செப்புக் கட்டியும் அலுமினிய றேடியேற்றரும் ஒரே நீராற் தொடுக்கப்படும்போது மின்கலத்தில் நிகழ்வது போன்ற தாக்கம் நிகழ்ந்து அலுமினியம் அரிக்கப்படும். நீர் நிரப்பி மூடி விற்கப்படும் தொகுதிகளில் இவ்விரண்டும் பெரும்பாலும் சேர்ந்தேயிருக்கும். அங்கே அரிப்பைத் தடுக்கும் கலவையைச் செய்தவரே சேர்த்திருப்பர். தாமே சுற்றை அமைப்போர் செப்பும் பித்தளையும் கொண்ட றேடியேற்றரையே தெரிதல் நன்று. வாங்கியதும் அதனுட் தங்கிய பற்றாசுக் கழிவு நீங்க நன்கு அலசி, பின்னரே வடித்த நீரையும் அரிப்புத் தடுப்புக் கலவையையும் நிரப்புதல் வேண்டும்.

கடைக்குச் செல்லுமுன் ‘கேசிங்’ எனப்படும் கணினிப் பெட்டியை நாடாவால் அளந்து பார்ப்பது அவசியம். றேடியேற்றரின் தடிப்போடு விசிறியின் 25 மில்லிமீற்றரையும் கூட்ட மறந்து, நினைவக அட்டைகள் தட்டுப்படத் திரும்பி வந்தவர்கள் உளர். பெட்டியின் மேற்புறத்திற் பொருத்துவது சிறந்தது; சுற்றிலுள்ள காற்றுக் குமிழிகள் றேடியேற்றரின் உச்சியிலே தங்கிவிடும். பம்பியே உச்சியில் அமைந்தாற் குமிழிகள் அதனுட் சேர்ந்து ஓசை எழுப்பும். அதன் ஆயுளும் குறையும்.

அறை பற்றியும் ஒன்று கூறவேண்டியுள்ளது. றேடியேற்றர் எத்துணைப் பெரிதாயினும் நீரை அறைக் காற்றிலுங் குளிரச் செய்யாது. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. கொழும்பினது 27க்கும் மேல். ஒரே கணினி இவ்விரண்டு ஊர்களிலும் காட்டும் எண்கள் ஏறத்தாழ அவ்வளவு வேறுபடும். 20 பாகை அறையில் வெளிநாட்டார் செய்த சோதனையைப் படிப்பவர் இங்குள்ள வேறுபாட்டைக் கூட்டிப் படித்தல் வேண்டும். அன்றியும், 600 வாற்று கொள்ளும் கணினி அறையினுள் வைத்த சிறிய மின்னடுப்புக்கு ஒப்பானது. கதவடைத்த அறையில் அது பல மணிநேரம் உழைத்தால் அறை சூடேறும். அறையோடு நீரும் சூடேறும். விடியற்காலையில் நீரின் வெப்பநிலை உயர்ந்திருக்கக் கண்டவர் வேறு றேடியேற்றர் வாங்க ஓடுமுன், மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் விலக்கி, யன்னலைத் திறந்து வைத்து, அடுத்த இரவும் அளந்து பார்ப்பாராக.