கதையை விட்டு காரை எடுத்துக்கொண்ட கேம்

திரைப்படத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு வரும் வீடியோ கேம் என்றாலே விவரமறிந்த ஆட்டக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 1982இல் 'ஈ.டி.' படத்தை வைத்து அட்டாரி நிறுவனம் ஏறக்குறைய ஐந்தே வாரங்களில் ஒரு கேமைச் செய்து முடித்தது; விற்காமல் தேங்கிய பிரதிகளை நியூ மெக்சிகோவில் குழிதோண்டிப் புதைக்க நேர்ந்தது. ஆனாலும், படத்திலிருந்து வருவதெல்லாம் பழுது என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. படத்திலிருந்து எதை எடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். அதற்கு 2008இல் வந்த 'ஸ்பீட் ரேசர்' கேம் நல்ல சாட்சி.

ஜப்பானில் தட்சுவோ யோஷிடா உருவாக்கிய படக்கதைதான் இதன் மூலம். 1967இல் கார்ட்டூன் தொடரானது. பிறகு 'மேட்ரிக்ஸ்' எடுத்த வச்சாவ்ஸ்கிகள் இதைத் திரைப்படமாக்கினார்கள். இறந்துவிட்டதாக நம்பப்படும் அண்ணன், பந்தயத்தை விலைபேசும் முதலாளிகள், பாசமுள்ள குடும்பம் எனப் படத்தில் கதைக்குப் பஞ்சமில்லை. கேமை உருவாக்கிய நியூசிலாந்து ஸ்டுடியோ அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, அந்தரத்தில் சுழலும் பாதைகளையும் எந்தப் பக்கமும் திரும்பும் சக்கரங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டது. கதை போய்விட்டால் இது பத்தோடு பதினொன்றுதானே என்று கேட்கலாம். அப்படியல்ல. 'மரியோ கார்ட்', 'வைப்அவுட்' போன்ற பந்தய கேம்களில் ஆயுதம் வழியில் கிடக்கும். பொறுக்கி எடுத்து வீச வேண்டும். இங்கே காரே ஆயுதம். ஓடுகிற வேகத்திலேயே காரைச் சுழற்றியோ துள்ளவிட்டோ எதிரியை மோத வேண்டும். கணக்குத் தப்பினால் நம் கார்தான் தடம் மாறும். சண்டை வேறு, ஓட்டுதல் வேறு என்று பிரிக்கவே முடியாது. 'கார்-ஃபூ' எனப்படும் இந்த விதி படத்தின் உலகத்திலிருந்தே வந்தது. படத்தில் அதைப் பார்க்கத்தான் முடியும், கேமில் அதைச் செய்யலாம்.

படத்துக்கான விளம்பரம்தானே இது? ஓரளவு உண்மை. படம் வெளியான அதே மே மாதத்தில் கேம் வீ (Wii) விளையாட்டுக் கருவிக்கு வந்தது. நடிகர்களே குரலும் கொடுத்தார்கள். சுமார் 12 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அந்தப் பணத்தைக்கூட வசூலிக்கவில்லை. ஆனால் பிளேஸ்டேஷன் 2 பதிப்பு வந்தபோது படம் திரையரங்குகளை விட்டே போய்விட்டது. அதன் பிறகு வாங்கியவருக்குப் படம் எதற்கு?

குழந்தைகளுக்குக் காரால் மோதக் கற்றுக்கொடுப்பதா என்ற கேள்வியை அப்படித் தள்ள முடியாது. 1976இல் வந்த 'டெத் ரேஸ்' ஆர்கேட் கேமில் மனித உருவங்கள் மீது காரை ஏற்றிப் புள்ளி சேர்க்க வேண்டும். அமெரிக்காவில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது நியாயமே. 'ஸ்பீட் ரேசர்' அந்த வகையல்ல. மோதப்படுபவர்கள் அனைவரும் போட்டியாளர்கள்; வேடிக்கை பார்ப்பவர் யாரும் குறியல்ல. படத்திலும் கார் சிதறும் கணத்தில் நுரைப்பந்து ஒன்று ஓட்டுநரைச் சூழ்ந்து உருட்டிக்கொண்டு போய்விடும்.